ஜெட்டித் தூணுக்கு கேமராவா, சென்சாரா, சுத்தியலா?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரையோரமாகப் போனால், வயதான எந்த ஜெட்டியின் (படகு அணையும் மேடையின்) அடியில் குனிந்தாலும் காறை பெயர்ந்து கம்பி செம்பழுப்பாகத் தெரியும் இடம் ஒன்றாவது கண்ணில் படும். ரிப்பேருக்குப் பணம் ஒதுக்குமுன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்வார்கள். முன்பெல்லாம் ஒரு இன்ஜினியர் சுத்தியலோடு வருவார், தட்டிப் பார்ப்பார், அறிக்கை எழுதுவார். இப்போது அவரோடு இன்னும் இரண்டு கொட்டேஷன் சேர்ந்து வருகிறது. ட்ரோன் விட்டுப் படம் எடுத்து ஏ.ஐ. மூலம் வெடிப்புகளைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பது ஒன்று. அதிர்வு சென்சார் பொருத்தி இருபத்துநாலு மணி நேரமும் கண்காணிக்கிறோம் என்பது இன்னொன்று. இரண்டிலும் 'மெஷின் லேர்னிங்' என்று இருக்கும். துல்லியம் தொண்ணூற்றுச் சொச்சம் சதவீதம் என்றும் இருக்கும்.

மீனவர் சங்கம், ஊராட்சி, அல்லது ஒரு சின்னப் பொறியியல் பிரிவு, யாராக இருந்தாலும் கையில் இருக்கும் பணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுக்குத்தான் காணும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கரையில் கான்கிரீட்டுக்கு வரும் நோய் உள்ளே தொடங்கி வெளியே வருவது. அதனால் ஜெட்டி மாதிரியான கட்டுமானத்துக்கு முதல் பணம் சுத்தியலுக்கும் ஹாஃப் செல் சோதனைக்கும் (கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து, உள்ளே துரு நடக்கிறதா என்று பார்ப்பது) போக வேண்டும். கேமரா இரண்டாவது. அதிர்வு சென்சார் ஜெட்டிக்கு வேண்டாம், அதற்குத் தகுந்த இடம் வேறு. ஏன் என்று பார்ப்போம்.

நோய் எந்த வழியில் வருகிறது

நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருப்பதற்குக் காரணம் சிமெண்டின் காரத்தன்மை. அது கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தை உண்டாக்கி வைக்கிறது. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெதுவாக ஊறி, ஒருநாள் கம்பியைத் தொட்டு, அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். அப்புறம் துரு. துரு என்பது அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கம்பிக்கு மேலே இருக்கும் காறை உள்ளுக்குள் பிரிந்து பொக்காகும், பிறகு கம்பிக்கு நேராக நீளவாக்கில் வெடிப்பு விடும், பிறகு துருக்கறை வடியும், பிறகு காறை விழும். கம்பி நன்றாக இளைத்த பிறகுதான் தூணின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, அளக்கும் அளவுக்குக் குறையும்.

இந்த வரிசை முக்கியம். ஹாஃப் செல் சோதனை முதல் கட்டத்தையே பிடிக்கும். சுத்தியல் இரண்டாவதை. கேமரா மூன்றாவதிலும் நான்காவதிலும். அதிர்வு கடைசியில். எந்த அல்காரிதம் போட்டாலும் இந்த வரிசை மாறாது, ஏனென்றால் சென்சாரில் வராத தகவலை மாடல் உண்டாக்கித் தர முடியாது.

உலகிலேயே அதிகம் அரிக்கும் இடங்களில் மியாமிக்கு அடுத்தது பாம்பன் என்று பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுவார்கள். எத்தனையாவது இடம் என்பது இருக்கட்டும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி தன் அரிமான ஆய்வுக்கு மண்டபத்தில் ஒரு தளம் வைத்திருக்கிறது என்பதே போதும். இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, ஊர்க்காரர்கள் சொல்லும் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் தெற்குப் பக்கமும் வாடையில் வடக்குப் பக்கமும் மாறி மாறி உப்புத் தூறல் வாங்கும். ஏற்ற வற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் தூணில் தண்ணீர் ஏறி இறங்கும் பட்டை குறுகலானது. அதற்கு மேலே அலை தெறிக்கும் பட்டையில்தான் நனைவதும் காய்வதும் ஓயாமல் நடக்கும், உப்பு சேர்ந்துகொண்டே போகும். தூணில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சின்னக் கடலுயிரி) ஒட்டியிருக்கும் கோட்டுக்கு மேலே ஒரு ஆள் உயரம், அங்கிருந்து பீமின் அடிப்பக்கம் வரை. பார்க்க வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான்.

கேமரா

படத்தில் வெடிப்பு தேடும் வேலையில் மெஷின் லேர்னிங் நிஜமாகவே நன்றாக முன்னேறியிருக்கிறது. 2017இல் மானிட்டோபா பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கான்கிரீட் படங்களை 256-க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டி, நரம்பியல் வலையமைப்புக்குக் கற்றுக்கொடுத்து, சுமார் 98 சதவீதத் துல்லியம் காட்டினார்கள். கொட்டேஷன்களில் வரும் 98 இந்த மாதிரி ஆய்வுகளிலிருந்துதான் வருகிறது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்ட எஸ்டிநெட்2018 என்ற இலவசத் தொகுப்பில் பாலத் தளம், சுவர், நடைபாதை என்று 56,000-க்கும் மேற்பட்ட படத்துண்டுகள் இருக்கின்றன. அதில் 0.06 மி.மீ. வெடிப்பிலிருந்து 25 மி.மீ. வெடிப்பு வரை உண்டு. கல்லூரி மாணவர் ஒருவர் தன் லேப்டாப்பிலேயே மாடலுக்குப் பயிற்சி கொடுத்துவிடலாம்.

ஆனால் அந்தத் தொகுப்பில் வெடிப்புள்ள படங்கள் சுமார் 15 சதவீதம்தான். எந்தப் படத்தைக் காட்டினாலும் 'வெடிப்பு இல்லை' என்று சொல்லும் ஒரு சோம்பேறி மாடலுக்கும் 85 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். அதனால் துல்லியம் எவ்வளவு என்று கேட்டுப் பயனில்லை. உண்மையில் இருந்த நூறு வெடிப்பில் எத்தனையைப் பிடித்தது, பிடித்ததாகச் சொன்ன நூறில் எத்தனை உண்மை, இந்த இரண்டு கேள்வியும் கேட்க வேண்டும். ஒரே படத்திலிருந்து வெட்டிய துண்டுகளில் பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்திருந்தால் அந்த எண்ணை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய கதை அது.

அடுத்தது பிக்சல் கணக்கு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456, கடலோரம் போன்ற கடுமையான சூழலில் வெடிப்பின் அகலம் சுமார் 0.1 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது. ஒரு பிக்சலுக்கு 0.1 மி.மீ. என்று வைத்தால், 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 40 செ.மீ.க்கு 30 செ.மீ. பரப்பைத்தான் மூடும். 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு தூணில் இரண்டு மீட்டர் உயரத்துக்குச் சுற்றிலும் எடுக்க, ஒன்றின் மேல் ஒன்று படியாமல் எடுத்தாலே 35 படம். பத்தடி தள்ளி நின்று மொத்தத் தூணையும் ஒரே படத்தில் அடக்கும் ட்ரோன் 0.1 மி.மீ. வெடிப்பைப் பிடிக்கிறது என்றால், லென்ஸ் என்ன, எவ்வளவு தூரத்திலிருந்து என்று கேளுங்கள். பெரும்பாலும் அது பிடிப்பது அரை மி.மீ.க்கு மேற்பட்டதைத்தான். அந்த அளவு வெடிப்பை வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரே காட்டிவிடுவார்.

யூட்டாவின் சுத்தமான சுவரில் படித்த மாடல் நம் ஜெட்டிக்கு வந்தால் என்ன ஆகும்? பீமின் பக்கவாட்டில் சென்ட்ரிங் பலகையின் இணைப்புக் கோடு நேராக ஓடும். மாடல் அதை வெடிப்பு என்னும். கைப்பிடியில் காயப்போட்ட வலையிலிருந்து அறுந்த நைலான் இழை ஒன்று காறையின் மேல் ஒட்டிக்கொண்டு வளைந்து வளைந்து கிடக்கும். நிழலோடு சேர்த்துப் பார்த்தால் மனிதக் கண்ணே ஏமாறும். மீன் கழுவிய தண்ணீர் வடிந்த கறை, கொட்டலசின் விளிம்பு, பாசி காய்ந்து விட்ட பிளவு, எல்லாம் வெடிப்பாகத் தெரியும். மறுபக்கம், உண்மையான வெடிப்பு கொட்டலசுக்கு அடியில் ஒளிந்திருக்கும். இதற்கு வழி இருக்கிறது: நம் ஜெட்டிப் படங்கள் சில நூறை எடுத்து, கையால் குறித்து, அந்த மாடலுக்கு மறுபயிற்சி கொடுப்பது. ஒரு கொத்தனாரும் ஒரு ஜூனியர் இன்ஜினியரும் பக்கத்தில் உட்கார்ந்து 'இது இழை, இது வெடிப்பு' என்று குறித்துக் கொடுத்தால் மாடல் கண்கூடாகத் திருந்தும். இந்த வேலையைச் செய்கிறோம் என்று கொட்டேஷனில் எழுதாதவரிடம் வாங்க வேண்டாம்.

ட்ரோனைப் பற்றி இன்னொன்று. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருக்கிறது, எதிரே இலங்கை. இந்தக் கரையில் நினைத்த இடத்தில் ட்ரோன் பறக்கவிட முடியாது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்து, அனுமதி வாங்கி, அப்புறம்தான் பேச்சு. அனுமதி கிடைத்தாலும் கச்சான் காலத்தில் பாம்பன் பக்கம் காற்றில் ட்ரோனை ஜெட்டிக்கு அடியில் நிலையாக நிறுத்துவது பெரிய பாடு. நாட்டுப்படகு ஒன்றில் ஏறி, அடியில் போய், போனிலேயே எடுக்கலாம். ஜெட்டிக்கு அதுதான் மேல்.

அதிர்வு சென்சார்

பாலமோ தொட்டியோ, எந்தக் கட்டுமானத்துக்கும் தனக்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் உண்டு. விறைப்பு குறைந்தால் அது குறையும். முடுக்கமானி பொருத்தி, அதிர்வைப் பதிந்து, அதிர்வெண் இறங்குகிறதா என்று பார்த்தால் பழுது தெரியும் என்பது அடிப்படை. சேதமடைந்த நிலையின் தரவு யாரிடமும் இருக்காது, ஏனென்றால் ஜெட்டியை உடைத்துப் பார்த்து யாரும் பாடம் சொல்லித்தர மாட்டார்கள். அதனால் நல்ல நிலையை மட்டும் மாடலுக்குப் பழக்கி, அதிலிருந்து விலகினால் எச்சரிக்கச் சொல்வார்கள். ஆட்டோஎன்கோடர், ஒன்-கிளாஸ் எஸ்.வி.எம். என்று கொட்டேஷனில் வரும் பெயர்கள் எல்லாம் இந்த வகைதான்.

எண்ணத்தில் குறை இல்லை. சிக்கல் அளவில் இருக்கிறது. அதிர்வெண் என்பது விறைப்பின் வர்க்கமூலத்தோடு போகும்; மொத்த விறைப்பு ஒரு சதவீதம் குறைந்தால் அதிர்வெண் அரை சதவீதம்தான் குறையும். ஒரு தூணில் ஒரு கம்பி பாதி தின்னப்பட்டால் மொத்த ஜெட்டியின் விறைப்பில் அது எத்தனை சதவீதம்? வெயிலும் ஈரமும் பாரமும் அதைவிட அதிகமாக அதிர்வெண்ணை ஆட்டிவிடும்.

சுவிட்சர்லாந்தில் இசட்24 என்ற பாலம் இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் உதாரணம். 1998இல் இடிப்பதற்கு முன்னால் ஏறக்குறைய ஒரு வருடம் சென்சார் வைத்துக் கண்காணித்தார்கள், கடைசியில் வேண்டுமென்றே படிப்படியாகப் பழுது உண்டாக்கியும் அளந்தார்கள். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் தார்த்தளம் இறுகி, அதிர்வெண் சட்டென்று ஏறியது. வானிலையால் வந்த அந்த மாற்றத்துக்கு முன்னால் பழுதால் வந்த மாற்றம் சின்னதாகிப் போனது. வெப்பநிலையை மாடலுக்குள் சேர்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்று அதிலிருந்து எல்லோருக்கும் புரிந்தது.

நமக்கு உறைபனி இல்லை. பதிலுக்கு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பினால் தண்ணீர் மட்டும் 100 டன். காலியாக இருக்கும்போது ஆடும் பகுதியின் எடையும் ஏறக்குறைய 100 டன் என்று வைத்தால், நிரம்பியதும் எடை இரட்டிப்பாகி அதிர்வெண் சுமார் 29 சதவீதம் விழுந்துவிடும். காலையில் மோட்டார் போட்டு ஏற்றுவார்கள், பத்து மணிக்குள் பாதி காலி, சாயங்காலம் மறுபடி. தண்ணீர் மட்டத்தைப் பதியாமல் இந்தத் தரவை மாடலுக்குக் கொடுத்தால், அது தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அழகாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு மிதவை போதுமே! ஒரு மட்ட சென்சாரும் ஒரு வெப்பமானியும் சேர்த்து வைத்து, மட்டத்தின் விளைவைக் கழித்துவிட்டால், தொட்டியில் அதிர்வுக் கண்காணிப்புக்கு ஒரு அர்த்தம் வரும். தொட்டியின் தூண் வரிசை எளிமையானது, கீழே வண்டி மோதுவதில்லை, காற்றே அதை ஆட்டிக் கொடுக்கிறது. நியாயமாகச் சொன்னால் இந்த வகை ஆராய்ச்சிக்கு நல்ல இடம். ஆனால் தரவைப் படிக்க ஆள் வேண்டும், அதுவும் வருடக்கணக்கில்.

ஜெட்டியில் அதுவும் நடக்காது. விசைப்படகு வந்து இடிக்கும், ஐஸ் வண்டி ஏறும், ஏலம் நடக்கும்போது ஜனம் நிற்கும், கட்டிய படகுகளின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும், தூணில் ஒட்டிய கொட்டலசின் எடைகூட மாறும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும் அமைப்பு நாளைக்கு 144 முறை முடிவு சொல்லும். நூற்றுக்கு ஒன்று பொய் எச்சரிக்கை என்றாலும் வருடத்தில் 500-க்கு மேல் போன் அடிக்கும். முதல் மாதம் ஓடிப்போய்ப் பார்ப்பார்கள். மூன்றாம் மாதம் அந்த நம்பரை மியூட் போட்டுவிடுவார்கள். இதற்கு மேல் உப்புக்காற்று சென்சாரின் கேபிள் இணைப்பைத் தின்னும். கட்டுமானம் நன்றாகத்தான் இருக்கும், சென்சார் செத்திருக்கும். முடுக்கமானிச் சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பது உண்மை. செலவு அதில் இல்லை. நீர்புகாப் பெட்டி, மின்சாரம், பராமரிப்பு ஆள், இவற்றில்தான் பணம் போகும்.

அதிர்வு சென்சாரும் தகைவு அளவியும் (பாரம் ஏறும்போது உறுப்பு எவ்வளவு இழுபடுகிறது என்று காட்டும் கருவி) பொருந்தும் இடத்துக்கு உதாரணம் பாம்பனிலேயே உண்டு. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் இரும்பாலானது. அதன் நடுவில் இருந்த ஷெர்சர் தூக்குப்பகுதி கப்பலுக்குத் திறந்து மூடி வந்தது. 2018 டிசம்பரில் அந்தத் தூக்குப்பகுதியில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்த வேண்டியிருந்தது. பிற்பாடு சென்னை ஐ.ஐ.டி. அதில் சென்சார்கள் பொருத்தியது. 2022 டிசம்பரில் பயணிகள் ரயில் மொத்தமாக நின்றது. இரும்பு உறுப்பில் களைப்பு விரிசல் வளர்வது, இணைப்பு தளர்வது போன்றவை தகைவையும் அதிர்வையும் மாற்றும்; அந்த உறுப்புக்குப் பக்கத்திலேயே சென்சார் வைத்தால் மாற்றம் தெரியும். இன்னொரு வசதியும் உண்டு. ரயில் என்பது எடை தெரிந்த, நேரம் தெரிந்த, வேகம் தெரிந்த ஒரு சோதனைப் பாரம். அதே எஞ்சின் அதே வேகத்தில் தினமும் போகும்போது ஒரு உறுப்பின் தகைவு மட்டும் மாதத்துக்கு மாதம் ஏறினால், மாடல் அதைச் சுலபமாகப் பிடிக்கும். ஐஸ் வண்டி நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே போகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று அரிமானத்துக்கு எதிராக முதலிலேயே செலவு செய்திருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு முதல் நாளிலிருந்தே நல்ல நிலையின் தரவு சேர்த்துக்கொண்டு வர முடியும். இருபது வருடம் கழித்து வரும் இன்ஜினியருக்கு அது பெரிய சொத்து.

சுத்தியலும் ஹாஃப் செல்லும்

சுத்தியலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியான இடம் கணீர் என்னும், பொக்கான இடம் மந்தமாக ஒலிக்கும். அனுபவமுள்ள கை ஒரு நாளில் பத்துப் பதினைந்து தூண் பார்த்துவிடும். அந்தச் சத்தத்தை மைக்கில் பதிந்து மாடலுக்குப் பயிற்சி கொடுக்கும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. போனில் ஓடக்கூடிய வேலை அது, எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. அலைச் சத்தத்தையும் படகு எஞ்சினையும் வடிகட்டுவதுதான் பாடு.

ஹாஃப் செல்லைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றில் இதைத்தான் யாரும் கொட்டேஷனில் பளபளப்பாகக் காட்டுவதில்லை. தூணில் ஓர் இடத்தில் காறையை உளியால் எடுத்துக் கம்பியை வெளிக்கொண்டு வந்து, துருவைத் தேய்த்து, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைக் கிளிப் போட வேண்டும். மறுமுனை, அடியில் ஈரப் பஞ்சு வைத்த செம்பு–செம்பு சல்பேட் மின்முனையோடு சேரும். சாக்பீஸால் அரை மீட்டர் கட்டம் போட்டு, மேற்பரப்பை நல்ல தண்ணீரால் நனைத்து, ஒவ்வொரு கட்டச் சந்திப்பிலும் பஞ்சை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஏ.எஸ்.டி.எம். சி876 என்ற அமெரிக்கத் தரமுறைப்படி மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் அங்கே அரிமானம் நடக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200-க்கு மேலே இருந்தால் நடக்காமல் இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இடையில் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. காறை வெளியே மொழுமொழுவென்று இருக்கும். மீட்டர் மைனஸ் 400 காட்டும். இப்படி ஒரு தூணைக் கேமரா நூறு முறை படம் எடுத்தாலும் நல்ல தூண் என்றுதான் சொல்லும்.

குறைகளும் இருக்கின்றன. எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு. அங்கே மின்னழுத்தம் மிகவும் இறங்கிக் காட்டும், அரிமானம் மெதுவாகத்தான் இருக்கும். எபாக்ஸி பூச்சுப் போட்ட கம்பியில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. கம்பிகள் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். துரு எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்பதையும் இது சொல்லாது. அதற்குத் துணையாக, டிரில் போட்டு வெவ்வேறு ஆழத்தில் பொடி எடுத்து, ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்கலாம். உப்பு எந்த ஆழம் வரை வந்திருக்கிறது, கம்பியைத் தொட எவ்வளவு பாக்கி என்று அதில் தெரியும். இங்கே சொன்னவற்றில், இன்னும் கெட்டுப்போகாத தூணைப் பற்றி முன்கூட்டியே சொல்லும் சோதனை இது ஒன்றுதான்.

இதில் மெஷின் லேர்னிங்குக்கு வேலை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் அடக்கமான வேலை. கட்டப் புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடத்தை மதிப்பிட்டு வரைபடம் போட, மின்னழுத்தம், காறையின் தடிமன், ஈரம், குளோரைடு நான்கையும் சேர்த்து எந்தத் தூணை முதலில் கவனிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்த, லாஜிஸ்டிக் ரிக்ரஷன், காஸியன் பிராசஸ் போன்ற ஒரு சாதாரணப் புள்ளியியல் முறையே போதும். நாற்பது தூணுக்கு ஆழ்கற்றல் வலையமைப்பு கேட்பவர் உங்கள் பணத்தில் தன் மாணவனுக்கு ஆய்வு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எக்ஸெலில் நிறம் தீட்டினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

உள்ளே நடப்பது வெளியே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் ஜெனோவா சாட்சி. 2018 ஆகஸ்ட் 14 அன்று அங்கே மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதன் தாங்கு கேபிள்கள் கான்கிரீட்டுக்குள் மூடியிருந்தன.

அப்படியானால் எதற்கு எது

மீன் இறங்குதள ஜெட்டிக்கு: எல்லாத் தூணிலும் சுத்தியல், தெறிப்புப் பட்டையில் ஹாஃப் செல், சந்தேகம் வந்த தூண்களில் குளோரைடுப் பொடி. இதெல்லாம் முடிந்து பணம் மிச்சம் இருந்தால் படகில் போய் போன் படம், உள்ளூர்ப் படங்களில் மறுபயிற்சி பெற்ற மாடல். மாடலின் வேலை, ஆயிரக்கணக்கான படங்களில் மனிதன் பார்க்க வேண்டியதைப் பிரித்துத் தருவது. தீர்ப்பு சொல்வது அதன் வேலை இல்லை.

மேல்நிலைத் தொட்டிக்கு என் வரிசை மாறும். உயரத்தில் ஏறிச் சுத்தியல் தட்டுவது ஆபத்து, அதனால் அனுமதி கிடைக்கும் இடத்தில் ட்ரோன் படம் நிஜமாகவே உதவும். கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கசிவும் துருக்கறையும் பெரிதாகத் தெரியும். அவற்றைப் பிடிக்க 0.1 மி.மீ. கணக்கும் தேவையில்லை. அதற்கு அடுத்து எட்டக்கூடிய தூண்களில் ஹாஃப் செல். பக்கத்தில் ஏதாவது பொறியியல் கல்லூரி இருந்து, மாணவர்களைத் தொடர்ந்து அனுப்புவோம் என்று எழுதிக் கொடுத்தால், மட்ட சென்சாரோடு சேர்த்து அதிர்வுக் கண்காணிப்புக்கு இடம் கொடுக்கலாம். செலவு அவர்களுடையதாக இருக்கட்டும்.

புயல் பாதுகாப்பு மையம் வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும். ஒவ்வொரு வாடை முடிந்ததும் கூரை ஒழுகல் படம், கூரைச் சிலாப்பில் சுத்தியல். போதும்.

1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், ரயில் பாலம் போன்றவை நம் கொட்டேஷன் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு நிரந்தர சென்சார் அமைப்பு நியாயமான செலவு. அதைப் பார்த்து நம் ஜெட்டிக்கும் அதேபோல் வேண்டும் என்று கேட்பதில்தான் பணம் வீணாகிறது.

எதை வாங்கினாலும் ஒப்பந்தத்தில் சில வரிகள் சேர்க்க வேண்டும். படங்களும் எண்களும் மூலவடிவிலேயே நம்மிடம் வர வேண்டும், பி.டி.எஃப். அறிக்கை மட்டும் போதாது. ஒவ்வொரு தூணுக்கும் பெயிண்டில் நம்பர் எழுதி, படத்தின் பெயரிலும் அதே நம்பர் வர வேண்டும். மாடல் 'பழுது' என்றவற்றில் சிலவற்றையும் 'நல்லது' என்றவற்றில் சிலவற்றையும் சுத்தியலால் தட்டிச் சரிபார்த்துக் காட்ட வேண்டும். அந்தத் தூண்களை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் இல்லை.

முதல் அளவீட்டுக்கு நல்ல நேரம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு தொழிலுக்குப் போகாது, ஜெட்டியில் ஐஸ் வண்டி நெரிசல் இருக்காது, ஆள் நின்று சாவகாசமாகக் கட்டம் போடலாம். தெற்குக் கரை ஊர்கள் மே மாதக் கச்சான் வலுப்பதற்கு முன், ஏப்ரல் கடைசி இரண்டு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. வடக்குக் கரைக்கு ஜூன் வரை அவகாசம் உண்டு. அடுத்த வருடமும் அதே வாரத்தில், அதே புள்ளிகளில், முடிந்தால் அதே ஆளை வைத்தே அளக்க வேண்டும்.